மஞ்சள் விளக்கு அணையவில்லையா?

நேயர்களுக்கு வணக்கம்.

காரில் சாவியைத் திருப்பியதும் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் வரிசையாகச் சில விளக்குகள் எரியும். அதில் ஒன்று மஞ்சள். எஞ்சின் படம் போட்டிருக்கும். எஞ்சின் கிளம்பியதும் அது அணைந்துவிட வேண்டும். அணையாமல் நின்றுவிட்டால் நமக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். பட்டறைக்குப் போனால் என்ன சொல்வார்களோ, எத்தனை ஆயிரம் ஆகுமோ என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிடும்.

நான் மெக்கானிக் அல்ல. பாலக்கோடு பக்கம் அரசுப் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். ஆனால் அந்த மஞ்சள் விளக்கு ஏன் எரிகிறது என்பதை வீட்டு வாசலிலேயே நாம் தெரிந்துகொள்ள முடியும் என்பதைப் பல வருடமாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவருகிறேன். அதற்கு ஒரு சின்ன ஸ்கேனர் போதும். எதை வாங்குவது, எதற்காக வாங்குவது, அதுதான் இன்றைய பேச்சு.

இப்போதைய காரில் எஞ்சினைக் கவனிக்க ஒரு கணினி இருக்கிறது. இசியூ என்பார்கள். தண்ணீர் எவ்வளவு சூடு, உள்ளே போகும் காற்று எவ்வளவு, புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜன் எவ்வளவு என்று பல சென்சார்கள் அதற்குச் சேதி சொல்லிக்கொண்டே இருக்கும். ஏதாவது சேதி சரியில்லை என்றால் ஒரு எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு விளக்கை எரியவிடும். அந்த எண்ணைப் படிக்கும் கருவிதான் ஸ்கேனர்.

அதைச் செருகும் இடம் ஓட்டுநரின் முழங்காலுக்கு மேலே, ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும். கதவைத் திறந்து, கீழே குனிந்து, கையால் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் அகலம், மறு பக்கம் குறுகல். நம் வீட்டு முறத்தைச் சின்னதாகச் செய்தது போல ஒரு பிளாஸ்டிக் சாக்கெட். உள்ளே இரண்டு வரிசையில் எட்டு எட்டாக 16 இடம். ஓபிடி போர்ட் என்று கேட்டால் எந்த மெக்கானிக்கும் காட்டிவிடுவார். சில கார்களில் மேலே ஒரு மூடி இருக்கும்.

ஓபிடி என்றால் கார் தன் பழுதைத் தானே கண்டுபிடித்துச் சொல்லும் ஏற்பாடு. அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மாடலிலிருந்து எல்லாக் காருக்கும் இதன் இரண்டாம் வடிவமான ஓபிடி-2 கட்டாயம். நம் நாட்டில் பாரத் ஸ்டேஜ் 4 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த கார்களுக்கு 2010 ஏப்ரலில் ஓபிடியின் முதல் கட்டமும் 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமும் வந்தன. அந்த பாரத் ஸ்டேஜ் 4 நாடு முழுக்க வந்தது 2017 ஏப்ரலில்தான். ஆகவே 2017க்குப் பிறகு வாங்கிய கார் என்றால் கவலையே வேண்டாம். அதற்கு முந்தையது என்றால், சாக்கெட் இருக்கிறதே என்று உடனே காசு கொடுத்துவிடாதீர்கள். சாக்கெட் இருந்தும் கம்பெனியின் சொந்தக் கருவிக்கு மட்டும் பதில் சொல்லும் கார்கள் உண்டு. தெரிந்தவரிடம் இரவல் வாங்கி ஒருமுறை செருகிப் பாருங்கள்.

லாரி வைத்திருக்கும் நேயர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் கிருஷ்ணகிரி, தருமபுரி சாலைகளில் காருக்குச் சமமாக லாரி ஓடுகிறது. ஆனால் லாரி 24 வோல்ட், கார் 12 வோல்ட். நான் சொல்லும் கருவி காருக்கானது. லாரியில் செருக வேண்டாம்.

இனி என் மாப்பிள்ளையின் காருக்கு வருகிறேன். தங்கையின் கணவர், ஊர் காவேரிப்பட்டணம் பக்கம். மாந்தோப்பு இருக்கிறது. சீசனில் பழம் இறக்கி வைக்கும் கொட்டகையிலேயே காரையும் நிறுத்துவார். ஒரு ஆனி மாதம் மஞ்சள் விளக்கு எரிந்தது. ஒரு பட்டறைக்கு ஓட்டிப் போனார். அவர்கள் ஸ்கேனர் போட்டுப் பார்த்து, பி 0135, ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது என்றார்கள். புது சென்சார் போட்டார்கள். கூலியோடு சேர்த்து நல்ல தொகை. விளக்கையும் அணைத்துக் கொடுத்தார்கள். வீடு வந்து, மறுநாள் காலையில் கிளப்பினால் மீண்டும் மஞ்சள் விளக்கு.

அவர் எனக்கு போன் செய்தார். "மச்சான், புது சென்சாரும் போச்சாம். இன்னொண்ணு மாத்தணும்னு சொல்றாங்க" என்றார். "மாப்பிள்ளை, எதையும் மாத்தாதீங்க, நான் வர்றேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

என் கருவியைச் செருகினேன். அதே பி 0135. அந்த எண்ணுக்கு எதிரே முழு வாசகமும் போனில் வந்தது. ஆக்சிஜன் சென்சார் ஹீட்டர் சர்க்யூட். கடைசிச் சொல்லைக் கவனியுங்கள். சர்க்யூட். ஆக்சிஜன் சென்சார் சீக்கிரம் சூடாகி வேலை செய்ய அதற்குள்ளேயே ஒரு சின்ன ஹீட்டர் இருக்கிறது. அந்த ஹீட்டர், அதற்குப் போகும் ஒயர், இணைக்கும் கப்ளர், ஃப்யூஸ், திரும்பி வரும் ஒயர், எல்லாம் சேர்ந்ததுதான் சர்க்யூட். அதில் எங்கே அறுந்தாலும் கணினி இதே எண்ணைத்தான் எழுதும். சென்சார் கெட்டுவிட்டது என்று அது சொல்லவே இல்லை.

கழற்றிய பழைய சென்சாரைப் பட்டறையில் கேட்டு வாங்கி வந்திருந்தார். டிக்கியில், தினசரித் தாளில் சுற்றிக் கிடந்தது. அந்த சென்சாரில் நான்கு ஒயர், அதில் இரண்டு வெள்ளை. அந்த இரண்டு வெள்ளைதான் ஹீட்டர். மல்டிமீட்டரை வைத்தேன். சில ஓம் காட்டியது. அறுந்த ஹீட்டர் என்றால் மீட்டர் எதையும் காட்டாது. ஆக, கழற்றிப் போட்ட சென்சாரில் ஹீட்டர் நன்றாகவே இருந்தது. அவர் முகம் சுருங்கிப் போயிற்று.

அப்புறம் எஞ்சினை ஓடவிட்டு, காரின் பக்கத்துக் கப்ளரில் மின்சாரம் வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. ஃப்யூஸ் நன்றாக இருந்தது. எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, டார்ச் அடித்து அந்த ஒயர் போகும் வழியைக் கையால் தடவிக்கொண்டே போனேன். ஒரு சாண் தூரத்தில் விரலுக்குச் செம்புக் கம்பி தட்டுப்பட்டது. மேலே உறை இல்லை. பல் தடம் வரிசையாகத் தெரிந்தது. பக்கத்திலேயே கொஞ்சம் வைக்கோல், பாதி கடித்த ஒரு மாங்கொட்டை. எலி.

அறுந்த இரண்டு முனையையும் சுரண்டி, முறுக்கி, ஈயம் பற்றவைத்து, மேலே குழாய் போட்டு மூடினோம். எண்ணை அழித்தோம். அதற்குப் பிறகு அந்த விளக்கு எரியவில்லை. செலவு என்று பார்த்தால் என் பஸ் டிக்கெட்தான்.

பட்டறைக்காரர்கள் எல்லாரும் ஏமாற்றுகிறவர்கள் என்று சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. எண்ணைப் படிப்பதோடு வேலை முடிந்தது என்று அவர்கள் நினைத்துவிட்டார்கள். கருவி வாங்குகிற நாமும் அப்படி நினைத்துவிடக் கூடாது. எண் எங்கே தேடுவது என்று காட்டும். எதை மாற்றுவது என்று காட்டாது. இதை இன்னொரு முறையும் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த எண்ணைப் பற்றி ஒன்று. முன்னால் ஒரு ஆங்கில எழுத்து வரும். பவர் என்பதன் முதல் எழுத்து வந்தால் எஞ்சின், கியர். பாடி என்பதன் முதல் எழுத்து வந்தால் கதவு, ஏர்பேக் போன்றவை. தமிழில் இரண்டையும் பி என்றுதான் எழுத முடியும். இன்று நான் சொல்வதெல்லாம் பவரில் வரும் பி. அடுத்து பூஜ்யம் வந்தால் பொதுவான எண், எந்தக் காரிலும் அதே பொருள். ஒன்று வந்தால் அந்தந்தக் கம்பெனியின் சொந்த எண். அதற்கு விளக்கம் மலிவான கருவியில் வராமல் போகலாம்.

சரி, எதை வாங்குவது? இரண்டு வகை. ஒன்று, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. சாக்கெட்டில் செருகிவிட்டு ப்ளூடூத்தில் போனோடு இணைக்க வேண்டும். டார்க், கார் ஸ்கேனர் போன்ற செயலிகளில் படிக்கலாம். சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கிறது. இன்னொன்று, கையில் பிடிக்கும் கருவி. ஒயரும் திரையும் அதிலேயே இருக்கும், போன் தேவையில்லை. விலை கூடுதல். வீட்டில் பெரியவர்கள் பயன்படுத்துவார்கள் என்றால், அல்லது நான்கைந்து வீட்டுக் கார்களுக்குப் பொதுவாக என்றால், கையில் பிடிப்பதையே வாங்குங்கள். போனோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

செருகுகிற வகையில் ஈஎல்எம் 327 என்ற பெயர் எல்லாப் பெட்டியிலும் இருக்கும். அது கனடாவில் ஒரு கம்பெனி செய்த சிப்பின் பெயர். சந்தையில் மலிவாக வருவதில் பெரும்பாலானது அதன் நகல். 1.5 வெர்ஷன்தான் அசல் என்று விற்பார்கள். அந்தக் கனடா கம்பெனி 1.5 என்று ஒன்றை வெளியிட்டதே இல்லை. ஆகவே பெட்டியில் இருக்கும் எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். நகலிலும் நன்றாக வேலை செய்வது உண்டு, அரைகுறையாக வேலை செய்வதும் உண்டு. திருப்பிக் கொடுக்கலாம் என்று சொல்லும் இடத்தில் வாங்கி, அன்றைக்கே உங்கள் காரில் செருகிப் பாருங்கள். ஐபோன் வைத்திருப்பவர்களுக்குப் பழைய வகை ப்ளூடூத் கருவி சேராது. வைஃபை வகையோ, ஐபோனுக்கும் சேரும் என்று எழுதியிருக்கும் புதிய ப்ளூடூத் வகையோ கேட்டு வாங்குங்கள்.

எதை வாங்கினாலும் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். லைவ் டேட்டா. எஞ்சின் ஓடும்போதே சென்சார்கள் சொல்வதை நமக்கும் காட்டுவது. வெறும் எண்ணை மட்டும் படித்து அழிக்கும் கருவிக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

ஏன் என்றால், என் காரிலேயே பார்த்தேன். மைலேஜ் குறைந்துகொண்டே வந்தது, விளக்கு எரியவில்லை. சேலம் போகும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகனிடம் போனைக் கொடுத்து, கூலன்ட் சூட்டை, அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரின் சூட்டை, வாசித்துக்கொண்டே வரச் சொன்னேன். ஓட்டுகிறவர் போனைப் பார்க்கவே கூடாது, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சூடு 90 டிகிரி பக்கத்தில் நிற்க வேண்டும். தருமபுரி தாண்டியும் 70ஐத் தொடவில்லை. தொப்பூர் கணவாயில் இறங்கும்போது, "அப்பா, 58" என்றான். எஞ்சின் சூடாகும்வரை அந்தத் தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் என்ற அடைப்பான் மூடாமல் திறந்தே நின்றுவிட்டது. எஞ்சின் சூடாகவே இல்லை, கணினியும் கூடுதலாகப் பெட்ரோல் விட்டுக்கொண்டே இருந்தது. எண்ணே விழாத பழுதை லைவ் டேட்டா காட்டிக்கொடுத்தது.

அடுத்து ஃப்ரீஸ் ஃப்ரேம். விளக்கு எரிந்த அந்த நொடியில் வேகம் என்ன, சூடு என்ன என்று கணினி எழுதி வைத்த குறிப்பு. இதுவும் இருந்தால் நல்லது. எண்ணை அழித்தால் இந்தக் குறிப்பும் போய்விடும். அதனால் முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், பிறகு அழியுங்கள்.

ஏபிஎஸ் என்ற பிரேக் அமைப்பு, ஏர்பேக் ஆகியவற்றின் விளக்குகளை மலிவான கருவி பெரும்பாலும் படிக்காது. அது வேண்டும் என்றால் உங்கள் காரின் பெயரும் ஆண்டும் சொல்லி, இதைப் படிக்குமா என்று கேட்டுவிட்டுக் காசு கொடுங்கள். ஏர்பேக் ஒயரில் மட்டும் வீட்டில் கை வைக்க வேண்டாம்.

நிலையத்தார் கை காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் இருக்கிறது. சிலிண்டர் மிஸ்ஃபயர் பற்றி விரிவாகச் சொல்ல எழுதி வைத்திருந்தேன், சுருக்கிவிடுகிறேன். பி 0303 என்றால் மூன்றாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை. பொறி விடும் பிளக்கா, அதற்கு மின்சாரம் தரும் காயிலா, பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டரா என்று எண் சொல்லாது. முன்பே சொன்னதுதான், எங்கே தேடுவது என்று மட்டும் காட்டும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காயில் இருக்கும் கார் என்றால், எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, மூன்றாவது காயிலை இரண்டாவதில் மாற்றிப் போடுங்கள். எண்ணை அழித்து ஓட்டிப் பாருங்கள். அடுத்து 0302 வந்தால் காயில்தான் கெட்டது. 0303 என்றே வந்தால் காயில் நல்லது, பிளக்கை இதே போல் மாற்றிப் பாருங்கள். மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் மட்டும் ஓட்டிப் பார்க்க வேண்டாம், ஓரமாக நிறுத்திவிடுங்கள். எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குப் போய் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும். அது விலை அதிகமான பொருள்.

பழைய கார் வாங்கப் போகும் நேயர்கள் இந்தக் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். ரெடினஸ் என்று ஒரு பகுதி இருக்கும். கார்க் கணினி தானாகச் செய்யும் சோதனைகள் முடிந்தனவா என்று அது காட்டும். அதில் பல சோதனைகள் இன்னும் முடியவில்லை என்று வந்தால், சமீபத்தில் யாரோ எண்ணை அழித்திருக்கலாம், அல்லது பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கலாம். விற்பவரிடம் எதற்காக என்று கேளுங்கள். இரண்டு மூன்று நாள் ஓட்டட்டும், பிறகு வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

வேலை முடிந்ததும் கருவியைச் சாக்கெட்டிலிருந்து கழற்றி வையுங்கள். வாரக்கணக்கில் நிற்கும் காரில் அதை விட்டுவைத்தால் பேட்டரி இறங்கும். காரைக் கொட்டகையில் நிறுத்துகிறவர்கள் மாதம் ஒருமுறை பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள்.

வணக்கம்.