‘இனுகாமி’ பாத்துட்டு "நாய் எங்க ப்ரோ?"ன்னு கேட்டவங்களுக்கு

வணக்கம் மக்களே. டீயோட உக்காந்திருக்கேன், அப்படின்னா வீடியோ நீளும்னு உங்களுக்கே தெரியும். போன வீடியோவுல ‘இனுகாமி’ங்கற ஜப்பான் பேய்ப்படத்தைப் பாருங்கன்னு சொன்னேன்ல? கமென்ட்ல பாதிப் பேரு "நாய் எங்க ப்ரோ?"ங்கறாங்க, மீதிப் பேரு "தூங்கிட்டேன்"ங்கறாங்க. யப்பா! பல்லைக் காட்டிக்கிட்டு நாய் மேல பாயணும்னா அதுக்கு வேற படம் இருக்கு. இது ஊர் வாய் ஒரு குடும்பத்தைத் தின்ற படம்.

2001ல வந்தது, டைரக்டர் ஹரடா மசாடோ. ‘தி லாஸ்ட் சாமுராய்’ல ஓமுராவா வந்து நம்மள கடுப்பேத்துவாரே, அவரேதான். கதை, பண்டோ மசாகோங்கற எழுத்தாளர் 1993ல எழுதின நாவல். அந்தம்மா ஜப்பானோட ஷிகோக்கு தீவுல கோச்சி பக்கத்துக்காரங்க, கதையும் அந்த மலைக்காட்டுலதான் நடக்குது.

இனுகாமின்னா நாய் ஆவி. எப்படி உண்டாக்குவாங்கன்னு அங்க வழிவழியா ஒரு கதை உண்டு. மனசு திடமா இல்லாதவங்க அரை நிமிஷம் தள்ளி விட்டுக்கங்க. நாயைக் கழுத்து வரைக்கும் மண்ணுல புதைப்பாங்களாம். வாய்க்கு எட்டாத தூரத்துல சோத்தை வைப்பாங்க. பசி உச்சிக்கு ஏறி, இனி சாவுதான்ங்கற நேரத்துல தலையை வெட்டிடுவாங்க. அந்தத் தலையை எரிச்சு, எலும்பை ஒரு பாத்திரத்துல போட்டுக் கும்பிடுறதுண்டு. இல்லன்னா நாலு பேர் மிதிச்சுப் போற முச்சந்தியில புதைக்கிறதுண்டு. மிதிக்க மிதிக்க வன்மம் ஏறுமாம்.

ஆனா நிஜமாவே இதை யாரு செஞ்சாங்கங்கறது பெரிய விஷயமே இல்ல. ‘அந்த வீட்டுல இனுகாமி இருக்கு’ன்னு ஒருத்தர் சொன்னாப் போதும். அது பரம்பரையா இறங்கும், பெரும்பாலும் பொம்பளைங்க வழியா. பொண்ணு கட்டிக் குடுத்தா அவ கூடவே மாப்பிள்ளை வீட்டுக்கும் போயிடும். அதனால கல்யாணப் பேச்சு வந்ததும் முதல்ல விசாரிக்கிறதே இதைத்தான். அந்தப் பேரு விழுந்த வீட்டுக்கு வெளியில சம்பந்தம் கிடைக்காது. அதே மாதிரி பேரு வாங்கின வீடுகளுக்குள்ளயே குடுத்து எடுத்துக்கணும். படத்துல ஹீரோயினோட போனோமியா குடும்பத்துக்குள்ள நடக்குற அசிங்கத்துக்கெல்லாம் வேர் அங்கதான் இருக்கு. இதுக்கு மேல சொன்னா முடிவு உடைஞ்சிடும், நிறுத்திக்கிறேன்.

இதுல கொடுமை என்னன்னா, ஏவி விடவே வேணாம். அந்த வீட்டுக்காரி பக்கத்து வீட்டு அறுவடையைப் பாத்து, ‘நமக்கும் இப்படி இருந்தா’ன்னு மனசுக்குள்ள நினைச்சாலே ஆவி கிளம்பிப் போய் அந்த வீட்டு ஆளைப் பிடிச்சுக்கும். பிடிச்சா நெஞ்சு வலி, கை கால் குடைச்சல், சில பேரு நாய் மாதிரியே குரைப்பாங்க. உடனே மந்திரிக்கிறவரைத் தேடி ஓடணும். அதே ஷிகோக்குல தோகுஷிமா பக்கம் கென்மி கோயில்னு ஒண்ணு, நாய் ஆவி ஓட்டுறதுக்கே பேர் போனது. அதாவது ஊர்ல எவனுக்குக் காய்ச்சல் வந்தாலும் குத்தவாளி ரெடி. அவ ஆசைப்பட்டாங்கறதே குத்தம். இல்லன்னு எப்படி நிரூபிப்பா?

இப்ப ஹீரோயின் மிகியைப் பாருங்க. வயசு 41. ஆசையையெல்லாம் மூட்டை கட்டி வச்சுட்டு, ஒதுக்குப்புறத்துல கையால காகிதம் செஞ்சுக்கிட்டு இருக்கா. புது வாத்தியார் ஒருத்தர் ஊருக்கு வர்றாரு. அவளுக்கு ஆசை வருது. அதே நேரம் ஊர்க்காரங்களுக்குக் கெட்ட கனவா வருது. படம் மொத்தமும் இந்த முடிச்சுலதான் நிக்குது, இதைப் பிடிக்காம விட்டா தூக்கம் வரத்தான் செய்யும்.

காகிதம் செய்றது சும்மா அழகுக்குப் போட்ட காட்சின்னு ஒருத்தர் எழுதியிருக்கார். கோபமே வந்துடுச்சு. கோச்சியோட பழைய தொழிலே அது, ‘தோசா வாஷி’. கோசோ செடியோட பட்டையை உரிச்சு, சாம்பத்தண்ணி மாதிரி காரத்தண்ணியில வேகவச்சு, அலசி, அடிச்சு நாராக்கணும். அப்புறம் தொட்டித் தண்ணியில அந்த நாரைக் கலக்கி, கூடவே தொரோரோ ஆவோய் வேர்ச்சாறு விடுவாங்க. வெண்டைக்காய்க்குச் சொந்தக்காரச் செடி அது, அதே வழவழப்பு. அது இல்லன்னா நார் கட்டி கட்டியாச் சேந்துக்கும், தாளுக்காகச் சல்லடையில மொள்றப்ப தண்ணி சர்ருனு இறங்கிடும், தாள் திட்டுத் திட்டா வரும். சூடு பட்டா அந்த வழவழப்பு போயிடும்ங்கறதால நல்ல காகிதம்னா குளிர்காலத்துலதான். ஐஸ் தண்ணியில கையை விட்டு, மூச்சு விடாம வேலை செய்யற பொம்பளை. அவ எப்படி ஆளுன்னு வசனமே இல்லாம சொல்லியாச்சு.

ஆங், நடிச்சது யாருன்னே சொல்லல பாருங்க! அமாமி யூகி. பொம்பளைங்களே எல்லா வேஷமும் போடுற தகராசுக்கா நாடகக் குழுவுல ஆம்பளை வேஷத்துல கொடி கட்டிப் பறந்தவங்க. அந்த நிமிர்ந்த முதுகை இங்க அப்படியே குறுக்கி வச்சிருக்காங்க. போகப் போக அது நிமிரும், கவனிங்க.

சரி, எல்லாரும் புலம்பின சப்டைட்டில் சமாச்சாரம். வசனம் வர்றதுக்கு முன்னாடியே எழுத்து வருதுன்னீங்க. அது ஐரோப்பிய டிவிடிக்காக செகண்டுக்கு 25 ஃபிரேம் கணக்குல செஞ்ச ஃபைல். உங்க வீடியோ 23.976. பத்தாவது நிமிஷத்துல 25 செகண்ட் முந்தும். படம் 106 நிமிஷம், முடியறப்ப நாலு நிமிஷத்துக்கு மேல முந்தியிருக்கும். விஎல்சி பிளேயர்ல ஜி, ஹெச் பட்டனைத் தட்டி அட்ஜஸ்ட் பண்றீங்களே, அது எல்லாத்தையும் ஒரே அளவுக்குத்தான் தள்ளும், பிரயோஜனமே இல்ல. ‘சப்டைட்டில் எடிட்’னு இலவச சாஃப்ட்வேர் இருக்கு. ஃபைலைத் திறந்து, ஃபிரேம் ரேட் மாத்துற இடத்துக்குப் போய், 25ல இருந்து 23.976ன்னு குடுத்து சேவ் பண்ணுங்க. மாத்தி 23.976ல இருந்து 25ன்னு குடுத்துடாதீங்க, முடியறப்ப எட்டு நிமிஷத்துக்கு மேல முந்திடும். அதுக்கப்புறமும் ஒரு ரெண்டு செகண்ட் இடிச்சா, அப்பத் தட்டுங்க அந்த ஜி, ஹெச்சை.

குறையும் சொல்லணும்ல. வாத்தியார் காதல் முதல் பாதியில இழுவை, நடிச்ச வதாபே அத்சுரோ நல்ல நடிகர்தான், ஆனா அந்தப் பாத்திரத்துல சதையே இல்ல. ஊர்க்காரங்க கூடிக் கூடிப் பேசுற காட்சியை இன்னும் வச்சிருக்கலாம்.

அப்புறம், கடைசிப் பகுதியில நிறம் போய்க் கறுப்பு வெள்ளை ஆகும். டிவியைத் தட்டாதீங்க, கேபிளைப் பிடுங்காதீங்க, படமே அப்படித்தான்.