வினைச்சொல் வரட்டும்

நேயர்களுக்கு வணக்கம்ங்க. பெருந்துறைப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் இருபத்திரண்டு வருடமாகத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பில் பிள்ளைகளைப் பேச வைப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். பேச வைப்பது ஒன்றும் பெரிய வேலை இல்லை. யார் எப்போது பேசுவது என்பதில்தான் சிக்கல்.

நம் வகுப்புகளில் பழைய பழக்கம் ஒன்று உண்டு. "பாரதியார் பிறந்த ஊர் எட்டய..." என்று ஆசிரியர் இழுப்பார். "புரம்!" என்று நாற்பது குரல் முடித்துவைக்கும். வராந்தாவில் நின்று கேட்டால் பாடம் ஜோராக நடக்கிற மாதிரிதான் இருக்கும். அதில் பத்துப் பேர் வாயை மட்டும் அசைத்திருப்பார்கள். நானும் பல வருடம் இப்படித்தான் ஓட்டினேன்.

சாதாரணப் பேச்சில் பேசும் முறை, அதாவது டர்ன், ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு எப்படி மாறுகிறது என்று சாக்ஸ், ஷெக்லாஃப், ஜெஃபர்சன் என்ற ஆய்வாளர்கள் மூவர் 1974இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். பேசுகிறவர் அடுத்தவரைக் கைகாட்டலாம். காட்டாவிட்டால் முந்திக்கொள்பவருக்கு முறை. டீக்கடையில் நடப்பது அதுதானே! வகுப்பில் கைகாட்டும் உரிமை ஆசிரியர் ஒருவருக்குத்தான். ஆசிரியர் கேட்பார், பிள்ளை சொல்லும், ஆசிரியர் "வெரிகுட்" என்பார். சின்க்ளேர், கூல்தார்ட் இருவரும் 1975இல் எழுதிக் காட்டிய வகுப்பறைப் பேச்சும் இதே மூன்று படிதான். மூன்றில் இரண்டு ஆசிரியருடையது!

முறை என்றால் எங்கள் ஊரில் முதலில் ஞாபகம் வருவது வாய்க்கால் தண்ணீர். கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் 2,07,000 ஏக்கரை இரண்டாகப் பிரித்து, மதகுகளை ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று வைத்து, மாற்றி மாற்றித் தண்ணீர் விடுகிறார்கள். அப்படியும் கடைமடைக்காரர் பாடு திண்டாட்டம்தான். என் வகுப்பின் கடைமடை, கடைசி பெஞ்சு.

ஆளுக்கு இரண்டு புளியங்கொட்டை கொடுத்துப் பார்த்தேன். ஒரு தடவை பேசினால் ஒரு கொட்டையை மேசையில் வைக்க வேண்டும். தீர்ந்தால் அடுத்தவர் பேசுவதைக் கேட்க வேண்டும். இரண்டாம் நாளே ஒரு வாயாடிப் பையன் பக்கத்துப் பிள்ளையிடம் கொட்டை வாங்கிப் பேசினான். விலை ஒரு கமர்கட்டு. சரி, திருப்பூர் பக்கத்துப் பிள்ளை, வியாபாரம் வராதா என்று விட்டுவிட்டேன்.

எனக்கு உண்மையில் கைகொடுத்தது காத்திருப்பு. அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற அம்மையார் வகுப்புகளைப் பதிவு செய்து பார்த்தார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் ஒரு நொடிக்கு மேல் பொறுப்பதில்லை. அதையே மூன்று நொடி ஆக்கினால் பதில்கள் நீளுகின்றன, பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள். மூன்று நொடி என்றால் கேட்பதற்குச் சின்னது. நாற்பது ஜோடிக் கண் உங்களையே பார்க்கும்போது அது ஒரு யுகம்ங்க.

நம் பிள்ளைகளிடம் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். "அதுங்க டீச்சர்..." என்று ஆரம்பித்து நிறுத்தும். "ங்க" வந்துவிட்டதே, முடித்துவிட்டது என்று நாம் பாய்ந்துவிடுகிறோம். கொங்குப் பேச்சில் "ங்க" நடுவிலும் வரும். தமிழில் வினைச்சொல் பெரும்பாலும் கடைசியில்தானே வருகிறது? அது வரும்வரை முறை பிள்ளையுடையது.

போன வருடம் ஒரு நாள், "ஆடிப்பட்டம் தேடி விதை என்கிறார்களே, ஏன்?" என்று கேட்டேன். பேரை முதலில் சொன்னால் மற்றவர்கள் தூங்கிவிடுவார்கள். அதனால் கேள்வியைப் போட்டுவிட்டு, மனதுக்குள் மூன்று எண்ணி, கடைசி பெஞ்சுப் பெண்ணைக் கைகாட்டினேன்.

"அதுங்க டீச்சர்..."

நிறுத்தினாள். முன் பெஞ்சில் ஐந்தாறு கை எழுந்தது. கண்ணாலேயே இறக்கச் சொன்னேன். நாக்கு நுனி வரை "உட்காரு" வந்துவிட்டது, விழுங்கினேன்.

"எங்கப்பாருங்க... வாய்க்கால்ல தண்ணி உட்டாத்தானுங்க வெதைப்பாரு. ஆடியா ஆவணியான்னு பாக்கமாட்டாருங்க."

இதற்கு நான் "வெரிகுட்" சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். சும்மா இருந்தேன். ஜன்னலோரப் பையன் அவள் பக்கம் திரும்பி, "எங்களுது கெணத்துத் தண்ணி, நாங்க ஆடியிலயே போட்டுருவோம்" என்றான். "கெணறு வத்திப்போனா?" என்றாள் இவள். அவன் போர் போட்ட கதையை எடுத்தான். மூன்றாவதாக ஒருத்தி மழையை இழுத்தாள். பேச்சு பெஞ்சு பெஞ்சாகப் போனது. பெல் அடிக்கும்வரை என் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை.

வரட்டுங்களா, வணக்கம்.