மாப்பிள்ளையின் கூட்டாளியும் மணப்பெண்ணின் தோழியும்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியின் சிறு நகரங்களில் ஒரு கலியாணப் பேச்சுக்கால் தொடங்கினால், சாதகத்துக்கு அடுத்தபடியாகத் தேடப்படுபவன் மாப்பிள்ளையின் கூட்டாளிதான். முள்ளியவளை, ஒட்டுசுட்டான் போன்ற பழைய ஊர்களில் பூட்டன் காலம் வரை அறிந்தவர்கள் இருப்பார்கள். ஆனால் இரணைமடுக் குளத்து நீரை நம்பிக் குடியேற்றங்களாக வளர்ந்த கிளிநொச்சிப் பகுதியில், காணி பெற்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களும், 1977ஆம் ஆண்டு இனக்கலவரத்தின் பின் மலையகத்திலிருந்து வந்தவர்களும், 1995இல் போரால் இடம்பெயர்ந்து வந்து தங்கிவிட்டவர்களும் அயலவர்களாக வாழ்கிறார்கள். 2009இல் போர் முடிந்த பின் முகாம்களிலிருந்து திரும்பியபோது பலருக்குப் பழைய அயலும் வாய்க்கவில்லை. பரம்பரை சொல்ல ஆளில்லாத இடத்தில் கூட்டாளியின் வாக்கே சாட்சியாகிறது.

விசாரிக்க வருபவர் பெரும்பாலும் பெண்ணின் தாய்மாமனாக இருப்பார். சைக்கிள் கடையில் காற்றடிக்கும் சாட்டில் நின்று, மழையையும் நெல் விலையையும் கதைத்து முடித்த பிறகுதான், "தம்பி, அந்தப் பொடியன் எப்படி?" என்று கேட்பார். "சோலி சுரட்டு இல்லாத பொடியன், ஐயா" என்று மறுமொழி வரும். இதைப் போல வசதியான மறுமொழி எங்களிடம் வேறில்லை; கேட்டவருக்கும் திருப்தி, சொன்னவனுக்கும் தலையிடி இல்லை. பொழுதுபட்டால் அவன் குடிக்கிறானா, லீசிங்கில் எடுத்த உழவு இயந்திரத்துக்குத் தவணை கட்டுகிறானா என்பதெல்லாம் கூட்டாளிக்குத் தெரியும். சொன்னால் கலியாணம் குழப்பியவன் என்ற பெயர் வரும். நாளைக்கும் அதே சந்தியில் அவன் முகத்தில் விழிக்க வேண்டும். சொல்லாவிட்டாலோ, பெண்ணுக்குச் சீதனமாக எழுதிய காணியின் உறுதிப் பத்திரமே பின்னர் அந்தக் கடனுக்கு ஈடாகப் போகக்கூடும். ஆகவே கூட்டாளி முதலில் மாப்பிள்ளையிடமே போய், "நீயே சொல்லிவிடு; என்னைக் கேட்டால் நான் மறைக்க மாட்டேன்" என்று நேரே சொல்லிவிடுவதுதான் முறை என்பது என் கருத்து.

பெண்ணின் தோழியிடமோ எவரும் எதுவும் கேட்பதில்லை. பெண்ணுக்கு உண்மையிலேயே சம்மதமா, படிப்பை முடிக்க விரும்புகிறாளா என்பது அவளுக்குத்தான் தெரியும். போர்க்காலத்தில், பிள்ளையைக் காப்பாற்றினால் போதுமென்று அவசரமாகச் செய்துவைத்த கலியாணங்களில் இந்தக் கேள்விக்கு நேரமே இருக்கவில்லை. இன்று நேரம் இருக்கிறது. தாலிக்குப் பொன் உருக்கும் சடங்கான பொன்னுருக்கலுக்கு நாள் வைக்கும் முன் அந்தத் தோழியை வீட்டுக்கு அழைத்துக் கேட்கலாம். அதையும் தாய்மாமன் கேட்காமல் பெரியம்மாவோ மாமியோ குசினிக்குள் வைத்துக் கேட்டால், அவள் கூச்சமின்றிச் சொல்வாள்.

நன்றி, வணக்கம்.