ஏரியான் 5: பழைய நிரல் ஏறிய புதிய ராக்கெட்

[காட்சி: பிரெஞ்சு கயானாவின் கூரு ஏவுதளம், 1996 ஜூன் 4]

ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் தனது முதல் பயணத்தில், ஏறத்தாழ 40 வினாடிகளில், சுமார் 3,700 மீட்டர் உயரத்தில் பாதை விலகிச் சிதறியது. அது சுமந்து சென்ற 4 க்ளஸ்டர் செயற்கைக்கோள்களும் உடன் அழிந்தன. எஞ்சினில் பழுது இல்லை. ராக்கெட்டின் திசையையும் வேகத்தையும் கணித்துச் சொல்லும் கருவியின் மென்பொருள் நின்றுபோனதே காரணம். அந்த மென்பொருளோ, ஏரியான் 4-இல் குறையின்றிப் பணியாற்றி, அந்த நற்பெயரோடு இங்கே கொண்டுவரப்பட்டது.

[காட்சி: இரு ராக்கெட்டுகளின் பாதைகள் அருகருகே]

கிடைமட்ட வேகத்தோடு தொடர்புடைய ஒரு மதிப்பை, 64 பிட் இடம் எடுக்கும் தசம எண்ணிலிருந்து, அதைவிடச் சிறிய 16 பிட் முழு எண்ணாக அந்த நிரல் மாற்றியது. கூட்டல், கழித்தல் குறியுடைய 16 பிட் எண்ணில் 32,767-க்கு மேல் இடமில்லை. இத்தகைய ஆபத்துள்ள 7 மாறிகளில் (நிரல் கையாளும் மதிப்புகளில்) 4-க்கு மட்டுமே பாதுகாப்பு எழுதப்பட்டிருந்தது. கணினியின் வேலைப்பளு 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதாலும், ஏரியான் 4-இன் பாதையில் எஞ்சிய மூன்றும் எல்லை மீற வாய்ப்பில்லை என்று கருதப்பட்டதாலும், அவை அப்படியே விடப்பட்டன. ஏரியான் 5-இலோ கிடைமட்ட வேகம் ஏறத்தாழ 5 மடங்கு விரைவாக ஏறியது; அந்த மதிப்பு எல்லையைத் தாண்டியதும் கருவி நின்றுபோனது. மாற்றாக வைத்த கருவியிலும் அதே நிரல் ஓடியதால், அது சற்று முன்னரே செயலிழந்திருந்தது. பிழையைத் தெரிவிக்க முதன்மைக் கருவி அனுப்பிய குறியீட்டைப் பறப்புத் தரவு என்று எடுத்துக்கொண்ட மையக் கணினி, புகை வெளியேறும் எஞ்சின் முனைகளை முழுவதுமாகத் திருப்பிவிட்டது. இதில் மனம் கசக்கும் செய்தி என்னவென்றால், அந்தக் கணக்கீடு ஏரியான் 5 தரையை விட்டு எழும்பிய பிறகு எதற்குமே தேவைப்படவில்லை.

பழைய நிரலை எழுதியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர்களுடைய ராக்கெட்டுக்கு அவர்கள் போட்ட கணக்கு சரியானது. நிரல் கைமாறியபோது அந்தக் கணக்கு கைமாறவில்லை. இந்த எண் இந்த எல்லைக்குள் இருந்தால்தான் இந்த நிரல் கூறு இயங்கும் என்ற நிபந்தனை, கூறைப் பயன்படுத்துகிறவர் கண்ணில் படும்படி எழுதப்பட்டிருக்க வேண்டும். புதிய சூழலின் உண்மையான தரவை ஊட்டிச் சோதித்தும் பார்த்திருக்க வேண்டும். ஏரியான் 5-இன் பாதைத் தரவு அந்தக் கருவியின் தேவை ஆவணத்திலேயே சேர்க்கப்படவில்லை என்று ஜாக்-லூயி லியோன்ஸ் தலைமையிலான விசாரணைக் குழு பதிவு செய்தது.

[காட்சி: அலுவலகம், திரையில் நிரல் களஞ்சியம்]

ராக்கெட் விடாத நிறுவனங்களிலும் சிக்கல் இதே இடத்தில்தான் தொடங்குகிறது. 1994 முதல் 1997 வரை ஐரோப்பிய நிறுவனங்களில் மறுபயன்பாட்டுக்காக, அதாவது எழுதிய நிரலைப் புதிய வேலைக்கு மீண்டும் பயன்படுத்துவதற்காக, நடந்த 24 திட்டங்களை ஆராய்ந்து மொரிசியோ, எஸ்ரான், டல்லி ஆகிய மூவர் 2002-இல் வெளியிட்ட ஆய்வு, தோல்விக்கு மூன்று காரணங்களைச் சொன்னது: மறுபயன்பாட்டுக்கென்று தனி நடைமுறைகளை வகுக்காதது, ஏற்கெனவே உள்ள நடைமுறைகளை மாற்றாதது, மனிதர்களைக் கணக்கில் கொள்ளாதது. இவற்றுக்கு அடியில் மேல்மட்ட நிர்வாகத்தின் ஈடுபாடின்மை கிடந்தது. நிரலைத் தனித்தனிப் பொருள்களாகப் பிரித்து எழுதும் பொருள்நோக்கு நிரலாக்கத்துக்கு மாறினாலோ, நிரல் கூறுகளைச் சேமித்து வைக்கும் களஞ்சியம் ஒன்றை அமைத்தாலோ மறுபயன்பாடு தானாக நடந்துவிடும் என்ற நம்பிக்கையும் பல இடங்களில் அதனுடன் சேர்ந்தே இருந்தது. அந்தக் களஞ்சியத்தில் உள்ள கூறு பழுதானால் யார் திருத்துவார், அதற்கான நேரம் எந்தத் திட்டத்தின் கணக்கில் எழுதப்படும் என்ற கேள்விகளுக்கு விடை தெரியாதவரை, அடுத்த மேசைக்காரர் அதைத் தொடத் தயங்கி, தனக்கு வேண்டியதைத் தானே புதிதாக எழுதிக்கொள்வார்.