கல் இங்கே, ஆள் அங்கே! சென்னை ஹைகோர்ட்டுக்குள் ஒளிந்திருக்கும் கல்லறை

(திரையில்: உயர் நீதிமன்றத்தின் சிவப்புக் கோபுரங்கள். கேமரா கீழே இறங்கி, மரங்களுக்கு நடுவே கூராக நிற்கும் ஒரு தூணில் நிற்கிறது.)

பாரிமுனைப் பக்கம் ஒரு வழக்குக்காக நீங்கள் வாய்தா வாங்க அலைந்திருக்கலாம். சட்டக் கல்லூரி வாசலில் யாருக்காகவாவது காத்திருந்திருக்கலாம். அந்த வட்டாரத்தில் ஒரு காலத்தில் வெள்ளைக்காரர்களின் இடுகாடு இருந்தது. புதைத்தவர்கள் அங்கேயே மண்ணுக்குள். அவர்கள் பெயர் வெட்டிய கற்கள் மட்டும் எழுந்து கோட்டைக்குள் போய்விட்டன. எப்படி என்பதுதான் இந்த வீடியோ.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தம்ப்நெயிலில் இருக்கும் வெள்ளைப் புடவை எங்கள் எடிட்டர் கைவரிசை. பேய் கிடையாது. இருங்கள், போய்விடாதீர்கள்!

வரலாற்றை வேகமாக முடித்துவிடுவோம். 1640-களில் புனித ஜார்ஜ் கோட்டை எழுந்தது. செத்தவர்களைப் புதைக்க கோட்டைக்கு வடக்கே ஓர் இடம் ஒதுக்கினார்கள். பணக்கார வியாபாரிகள் தங்கள் வீட்டாருக்குப் பெரிது பெரிதாகக் கல்லறை கட்டினார்கள். அவ்வளவுதான், அடுத்து சண்டை.

(திரையில்: பழைய கோட்டை வரைபடம்.)

1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டார். இடுகாடு கோட்டைக்கு எதிரேயே இருந்ததால், அந்தப் பெரிய கல்லறைகளெல்லாம் பிரெஞ்சுச் சிப்பாய்களுக்கு மறைவிடமாகிவிட்டன. யோசித்துப் பாருங்கள். தாத்தாவுக்கு ஆசையாகக் கட்டின சமாதிக்குப் பின்னால் எதிரி ஒளிந்துகொண்டு பேரனைச் சுடுகிறான்! 1759 பிப்ரவரியில் ஆங்கிலேயக் கப்பல்கள் வந்து சேர, லாலி பின்வாங்கினார். ஆபத்து தீர்ந்ததும் ஆங்கிலேயர்கள் செய்த வேலை, கல்லறைகளை இடித்ததுதான். எழுத்து வெட்டிய கற்களைப் பெயர்த்து, கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரீஸ் சர்ச்சைச் சுற்றித் தளம் பாவினார்கள்.

இதோடு விட்டார்களா? இல்லை. 1780-களில் ஹைதர் அலி பயம் வந்தபோது, அதே கற்களில் சிலவற்றை எடுத்துப் பீரங்கிக்கு அடியில் போட்டார்கள். செத்தும் ராணுவ சேவை என்றால் இதுதான்.

சரி, இப்போது அந்தத் தூண். இடித்தபோது தப்பியவை இரண்டு. ஒன்று பவுனி குடும்பத்துக் கல்லறை. அது அப்படியே இருக்கட்டும். எனக்குப் பிடித்தது இன்னொன்று.

(திரையில்: தூண், கிட்டத்தில்.)

இதற்குள் இரண்டு பேர். ஜோசப் ஹின்மர்ஸ், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி, 1680-ல் இறந்தார். கூடவே டேவிட் யேல், நாலு வயது நிறையாத குழந்தை, 1688-ல் இறந்தான். இருவருக்கும் ரத்த உறவு கிடையாது! ஹின்மர்ஸின் மனைவி கேத்தரின், கணவர் போன அதே வருஷம் நவம்பரில் எலிஹு யேல் என்பவரை மணந்தார். செயின்ட் மேரீஸ் சர்ச் திறந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அங்கே நடந்த முதல் கல்யாணமே இதுதான். யேல் 1687-ல் சென்னையின் கவர்னர் ஆனார். சில மாதங்களிலேயே மகன் போய்விட்டான். பிள்ளையைத் தன் முதல் கணவருக்குப் பக்கத்திலேயே வைத்தார் கேத்தரின். அந்தத் தாயை நினைத்துக்கொண்டு இந்தத் தூணைப் பார்த்தால், வேறு மாதிரி தெரிகிறது.

யேல் என்ற பெயர் எங்கேயோ கேட்டதுபோல இருக்கிறதா? அதே யேல்தான். 1718-ல் அமெரிக்காவில் கஷ்டத்தில் இருந்த ஒரு சின்னக் கல்லூரிக்கு 417 புத்தகங்கள், அரசர் முதலாம் ஜார்ஜின் படம், மஸ்லின், காலிகோ எல்லாம் சேர்ந்த ஒன்பது பொதிச் சரக்கு அனுப்பினார். சரக்கு விற்று வந்தது சுமார் 562 பவுண்டு. கல்லூரிக்கு அவர் பெயரை வைத்துவிட்டார்கள், அதுதான் இன்றைய யேல் பல்கலைக்கழகம். உலகத்தில் இதைவிட மலிவாக யாரும் பெயர் வாங்கியிருக்க மாட்டார்கள் என்பது என் கட்சி. ஆளும் ஒன்றும் வள்ளல் இல்லை. ஊழல் புகாரில் 1692-ல் கவர்னர் பதவி போனது. அவர் காலத்தில் இந்தக் கோட்டையிலிருந்து அடிமைகளைக் கப்பலேற்றினார்கள்.

அவரைப் பற்றி ஒரு கதையும் உண்டு. கேட்காமல் குதிரையை ஓட்டிக்கொண்டு போய் இரண்டு மூன்று நாள் ஊர் சுற்றிய லாயக்காரனை, விசாரணையே இல்லாமல் தூக்கில் போட்டார் என்பார்கள். நான் பாதிதான் நம்புகிறேன். ஆனால் அப்படி ஒரு கதை ஒட்டிக்கொள்கிற மாதிரி ஆள்தான் அவர். விசாரணை இல்லாமல் தூக்கில் போட்டவர் என்று பேரெடுத்த மனிதரின் மகன், இன்று ஹைகோர்ட் வளாகத்துக்குள் தூங்குகிறான்!

வண்டி நிறுத்த இடம் போதவில்லை என்று இந்தக் கல்லறையை நகர்த்தச் சொல்லி வழக்கே நடந்தது, தெரியுமா? அதை இன்னொரு வீடியோவில் பார்க்கலாம், பெல் பட்டனை அழுத்தி வையுங்கள்.

(திரையில்: சர்ச் முற்றம். காலடிச் சத்தம் மட்டும்.)

அப்புறம் கோட்டைக்கு வாருங்கள். வாசலில் சோதனை உண்டு, அடையாள அட்டை மறக்காதீர்கள். சர்ச்சைச் சுற்றி லத்தீனும் ஆங்கிலமுமாகக் கற்கள். 1652 என்று வருஷம் போட்ட ஒரு கல், எலிசபெத் பேக்கர் என்ற பெண்ணுடையது. பாவிய தளம் இது, நடந்துதான் போக வேண்டும். நான் முதல் தடவை எழுத்தைத் தாண்டித் தாண்டி நொண்டியாட்டம் மாதிரி போனேன். கூட வந்த நண்பர், "கீழே யாரும் இல்லைடா, எல்லாரும் ஹைகோர்ட்டில் இருக்கிறார்கள்" என்றார். அதற்குப் பிறகும் என்னால் மிதிக்க முடியவில்லை. நீங்களாக இருந்தால் மிதிப்பீர்களா, தாண்டுவீர்களா? கமெண்டில் சொல்லுங்கள்.