அதே இடம், அதே வற்றம்

நேயர்களுக்கு வணக்கம்.

எண்ணூர் கழிமுகம் என்றதும் கண்முன் வரும் படம் ஒன்றுண்டு: அனல்மின் நிலையப் புகைபோக்கி, சாம்பல் படிந்த சேறு, நடுவே ஒரு படகு. நெஞ்சைத் தைக்கும் படம்தான். ஆனால் அங்கே கடலைச் சேரும் கொசஸ்தலை ஆறு எவ்வளவு தூர்ந்தது என்று கேட்டால் அந்த ஒற்றைப் படத்திடம் பதில் இருக்காது. அதற்கு அதே இடத்தில் நின்று மறுபடி எடுக்க வேண்டும்.

1977-இல் அமெரிக்காவில் புகைப்படக்காரர் மார்க் கிளெட்டும் தோழர்களும் இதைத்தான் தொடங்கினார்கள். நூறாண்டுக்கு முன் நில அளவைக் குழுக்களோடு போன புகைப்படக்காரர்கள் நின்ற இடங்களைத் தேடி, பாறை விளிம்பும் நிழலும் பழைய படத்தோடு பொருந்தும்படி 100-க்கும் மேற்பட்ட காட்சிகளை மீண்டும் எடுத்தார்கள்.

நமக்குப் பாறை இல்லை, தண்ணீர். சிக்கலே அதில்தான். இந்தக் கரையில் கடலின் ஏற்றவற்றத்தால் நீர்மட்டம் ஏறத்தாழ ஒரு மீட்டர் மாறும். முதல் படத்தை ஏற்றத்திலும் அடுத்ததை வற்றத்திலும் எடுத்தால், இல்லாத மணல்திட்டை நாமே உண்டாக்கியதாகிவிடும். உண்மையான தூர்வையும் பிறகு யாரும் நம்பமாட்டார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வற்றம் நன்றாக இறங்கும். அட்டமி வாக்கில் மந்தம். வற்றத்தின் நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஆனால் ஒரே திதியில் போனால் கிட்டத்தட்ட அதே மணிக்கு வரும். மாதமும் ஒன்றானால் வெயிலும் ஒத்துவரும். முகத்துவாரத்தை மணல் அடைத்திருக்கும் நாளில் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது.

கரைச் சேற்றில் நிற்காதீர்கள். சாம்பல் படியப் படிய, நீங்கள் நிற்கும் தரையே உயரும். பாலத்தின் கைப்பிடிச் சுவர், மதகு போன்ற கெட்டியான இடங்கள் குறைந்தது மூன்று வேண்டும். ஒன்றின் முன்னால் நாளை மதில் எழலாம். கேமரா 150 செ.மீ. உயரத்தில். கைபேசியானால் ஜூம் கூடாது. பழைய படத்தில் பக்கத்துத் தூணும் தூரத்துப் புகைபோக்கியும் எப்படி ஒட்டி நிற்கின்றனவோ அப்படியே நிற்க வேண்டும். இடைவெளி விழுந்தால் உங்கள் கால் நகர்ந்திருக்கிறது. நிறத்தைக் கேமராவின் தானியங்கியிடம் விடாமல் ‘வெயில்’ அமைப்பில் நிறுத்துங்கள். ஈரச் சாம்பல் கருக்கும், காய்ந்தது வெளுக்கும். இரண்டையும் ஒப்பிடக் கூடாது.

அந்தச் சாம்பலையே வண்ணமாக்கி ஓவியம் தீட்டலாம். முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். அதில் ஆர்சனிக், பாதரசம் போன்றவை இருக்கும். பத்துப் பங்கு நல்ல தண்ணீரில் கலக்கி, மேலே மிதப்பதை வழித்தெடுத்து, அடியில் தங்குவதை மூன்று முறை கழுவ வேண்டும். உப்பு நின்றுவிட்டால் மழைக்காலத்தில் ஈரம் இழுத்து ஓவியம் பூத்து உதிரும். ஒரு பங்கு வேலம்பிசினை இரண்டு பங்கு வெந்நீரில் கரைத்து, அதில் சாம்பலைக் குழையுங்கள். கழுவிய தண்ணீரை மண்ணில் கொட்டாதீர்கள், அதுவும் நஞ்சுதான்.

புகைப்படத்தின் பின்னால் தேதி, திதி, மணி, முகத்துவாரம் திறந்திருந்ததா என்பதை எழுதுங்கள். கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களிடம் கேளுங்கள். முன்பு இடுப்பளவு நீர் நின்று இப்போது கணுக்கால் அளவாகிப்போன இடத்தை அவர்கள் நடந்தே காட்டுவார்கள். 10 செ.மீ.க்கு ஒரு பட்டை தீட்டிய கம்பை அங்கே ஊன்றி, அடுத்த படத்தை எடுங்கள்.