ஒரே வீட்டுல 5 அடுப்பு! சொந்தக்காரங்க தொல்லைக்கு செட்டிநாட்டு வீட்டுல ஒரு வழி இருக்கு

(திரையில: விடியக்காலம், வாசல் கோலம், அது மேல ஓடி வர்ற சோப்பு நுரை)

வாஷிங் மெஷின் தண்ணிக்காக பக்கத்து வீட்டோட 3 வாரம் பேசாம இருந்திருக்கீங்களா? நான் இருந்தேங்க. காரைக்குடியில எங்க வீட்டு வாசல்ல காலையில 6 மணிக்கு கோலம் போட்டுட்டு உள்ள போயி டிகாக்‌ஷன் இறக்குறதுக்குள்ள, அவுக வீட்டு மெஷின் தண்ணி நுரையோட வந்து கோலத்துல பாதிய அள்ளிட்டுப் போயிரும். போயி கேட்டா, "தண்ணி பள்ளத்தப் பாத்து ஓடுது, நான் என்னம்மா செய்ய"ன்னு பதில். அதே வாரத்துல ஒரு கல்யாண வீட்டுல, பந்தியில உக்காந்திருக்கேன், எதிர் வரிசையில இருந்து ஒரு அயித்தை, "இன்னும் வாடகை வீடுதானா?"ன்னு இலைபோடுறவரு வரைக்கும் கேக்குற மாதிரி கேட்டாக. அதுவும் பத்தாதுன்னு ராத்திரி 11 மணிக்கு ஸ்கூல் பேரன்ட்ஸ் குரூப்புல ஒரு அம்மா, "என் பையன் கணக்குல 98, உங்க பிள்ளைங்க எவ்ளோ?"ன்னு ஒரு மெசேஜ்.

மூணையும் எங்க அப்பத்தாகிட்ட ஒன்னா கொட்டுனேன். அப்பத்தா எல்லாத்தையும் கேட்டுட்டு, ஒரே ஒரு கேள்விதான் கேட்டுச்சு. "இதுக்கெல்லாம் கதவ எங்க வச்சிருக்கீக?"

எனக்கு அப்ப புரியல. புரிஞ்சப்பறம்தான் இந்த வீடியோவே எடுக்கணும்னு தோணுச்சு. கடைசி வரைக்கும் பாருங்க, ஏன்னா நடுவுல நான் சொல்லப்போற ஒரு பழக்கம் மாமியார் மருமகள் சண்டையில பாதிய இல்லாம பண்ணிரும், உண்மையாவே சொல்றேன்.

(திரையில: கானாடுகாத்தான் தெரு, நீளமான வீடுகள்)

முதல்ல வரலாறு, சீக்கிரமா முடிச்சிடுறேன். செட்டிநாடுன்னா சிவகங்கை, புதுக்கோட்டை ரெண்டு மாவட்டத்துலயும் பரவிக் கெடக்குற 70-க்கு மேல ஊருங்க. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடி இப்படி. நாட்டுக்கோட்டைச் செட்டியாருங்கன்னும் சொல்ற நகரத்தாருங்க பர்மா, இலங்கை, மலேயான்னு வட்டித் தொழில் பண்ணி, அந்தக் காசுல கட்டுன வீடுங்க, பர்மா தேக்கு, முட்டை வெள்ளைக்கரு சேத்த சுண்ணாம்புப் பூச்சு. 2014-ல யுனெஸ்கோவோட உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான தற்காலிகப் பட்டியல்ல இந்த ஊருங்க சேந்துச்சு. இதெல்லாம் நீங்க நூறு வீடியோவுல பாத்திருப்பீங்க, எல்லாரும் தூணையும் ஆத்தங்குடி கல்லையும் காட்டிட்டு போயிருவாங்க. அந்த வீட்டுக்குள்ள மனுசங்க எப்படி இருந்தாங்கன்னு யாருமே நின்னு சொல்றதில்ல, எனக்கு அதுல ஒரு பெரிய வருத்தம் உண்டு.

சரி, உள்ள வாங்க.

(திரையில: முகப்புல இருந்து நேரா பின்வாசல் வரைக்கும் தெரியுற காட்சி)

வீடு ஒரு தெருவுல ஆரம்பிச்சு அடுத்த தெருவுல முடியும். முகப்பு, அதத் தாண்டி வளவு, அப்பறம் ரெண்டாங்கட்டு, மூணாங்கட்டு. வளவுன்னா நடுவுல திறந்த முற்றம், சுத்தி நாலு பக்கமும் தாழ்வாரம், அந்தத் தாழ்வாரத்த ஒட்டி வரிசையா கதவுங்க. அந்தக் கதவுங்கதான் இன்னிக்கு நம்ம கதாநாயகன். ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலயும் ஒரு அறை, அந்த அறைக்குள்ள இன்னொரு அறை. இரட்டை வீடுன்னு இதுக்குப் பேரு. கல்யாணம் ஆன ஒவ்வொரு மகனுக்கும் ஒன்னு.

இப்ப அந்தப் பழக்கத்துக்கு வர்றேன். மகனுக்குக் கல்யாணம் ஆயி கொஞ்ச காலத்துல அவனையும் மருமகளையும் "வேறு வைப்பாக". கேட்ட உடனே நமக்கு என்ன தோணும்? சண்டை போட்டு தனிக்குடித்தனம் போயிட்டாங்க, குடும்பம் உடைஞ்சிருச்சுன்னு தோணும். அதுதான் இல்ல! அவுக எங்கயும் போகல, அதே வளவு, அதே முற்றம், அதே வாசக்கதவு. அடுப்பு மட்டும் வேற. பெத்தவுகளே நல்ல நாள் பாத்து, அரிசி பருப்பு பாத்திரம் பண்டம்னு அளந்து குடுத்து, இனிமே உங்க செலவு உங்க கணக்குன்னு வைக்கிறாக. மாமியாருக்குத் தனி அடுப்பு, மூத்த மருமகளுக்குத் தனி அடுப்பு, எளையவளுக்குத் தனி அடுப்பு. நல்லது கெட்டதுன்னா எல்லாரும் ஒரே பந்தி.

கோவத்துல பிரியிறது இல்ல இது, கோவம் வர்றதுக்கு முன்னாடியே பண்ணி வைக்கிற ஏற்பாடு. இத யோசிச்ச மனுசங்க கால்ல விழலாம்னு தோணுது எனக்கு.

ஏன்னா யோசிச்சுப் பாருங்க, கூட்டுக் குடும்பத்துல சண்டை எதுல வருது? சொத்துல வர்றது அப்பறம். தினம் வர்றது புளிக்கொழம்புல உப்பு கூட, இன்னிக்கும் வெண்டைக்காயா, உன் பிள்ளைக்கு மட்டும் ரெண்டு முட்டையா, யாரு அதிகமா எண்ணெய் செலவு பண்றா, இதுலதானே? அடுப்பப் பிரிச்சுட்டா இதுல ஒன்னுகூட நிக்காது. வெண்டைக்காய் சமைச்சா அது அவ வெண்டைக்காய். ஆம்பளைங்க தொழிலுக்கு கடல் தாண்டிப் போனா 3 வருசம் கணக்கு, அது வரைக்கும் இத்தனை பொம்பளைங்க ஒரே கூரைக்குள்ள இருக்கணும், மனசு நோகாம இருக்க வேற என்ன வழி?

எங்க அப்பத்தா சின்ன வயசுல கானாடுகாத்தான்ல ஒரு பெரிய வீட்டுக்கு பலகாரம் செய்யப் போயிட்டு இருந்துச்சு. மாவு இடிக்க, தேன்குழல் பிழிய, சீப்புச் சீடை செய்யன்னு விசேசம் வந்தா பத்து நாளு அங்கதான். அது சொல்லும், "ஒரு வீட்டுக்குள்ள அஞ்சு கொழம்பு மணக்கும், எது எந்த ஆச்சி அடுப்புன்னு மோந்தே சொல்லிருவேன்." நகரத்தார் வீட்டுப் பொம்பளைங்கள ஆச்சின்னுதான் கூப்பிடுவாங்க. அந்தப் பேச்சுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விசயம் கிண்ணம். அடுப்பு தனின்னாலும் கிண்ணம் நிக்காம ஓடிக்கிட்டே இருக்குமாம். அரிசி களைஞ்ச தண்ணியில காய் போட்டு செய்ற மண்டி இந்த ஆச்சி வீட்டுல இருந்து அந்த வீட்டுக்குப் போகும், அங்கிருந்து கிண்ணம் திரும்பும்போது வெறுங்கிண்ணமா வராது, ஒரு கரண்டி கூட்டாவது, ரெண்டு பணியாரமாவது இருக்கும். ஒரே சட்டியில சமைச்சிருந்தா அது கடமை, வாயில வைக்கும்போதே குத்தம் தேடத் தோணும். கிண்ணத்துல வந்தா அது பிரியம், அதுல உப்பு கொறைஞ்சாலும் யாரும் சொல்றதில்ல. எனக்கு இந்த வித்தியாசத்த எத்தனை தடவை சொன்னாலும் அலுக்காது.

எல்லாரும் அங்க சந்தோசமா இருந்தாங்கன்னு நான் சொல்லல. அத்தனை அடுப்புக்கும் ஊதுனது பொம்பளைங்கதான், வேலைக்கு வந்த எங்க அப்பத்தா மாதிரி ஆளுங்களுக்கு பின்வாசல்தான் வாசல். அத மறைச்சுட்டு பழசு எல்லாமே தங்கம்னு பேசுற வீடியோ எனக்குப் பிடிக்காது. ஆனா ஒரு நல்ல யோசனை எங்க இருந்தாலும் எடுத்துக்கலாம்ல?

(திரையில: வளவு முற்றம் ஒரு பக்கம், போன்ல குரூப் சாட் ஒரு பக்கம்)

இப்ப அப்பத்தா கேட்ட கதவுக்கு வர்றேன். நம்ம ஃபேமிலி குரூப்பையும் ஸ்கூல் குரூப்பையும் அந்த வளவோட வச்சுப் பாருங்க. குரூப்புங்கறது என்ன? முற்றம். 60 பேரு ஒரே முற்றத்துல நிக்கிறாங்க, பேசுறாங்க, பாக்குறாங்க. ஆனா சுத்தி இரட்டை வீடு இல்ல. உள்ள போயி கதவச் சாத்திக்க இடமில்ல. 98 மார்க்குன்னு முற்றத்துல நின்னு ஒருத்தரு கத்துனா, 61 வாங்குன பிள்ளையோட அம்மா எங்க போவா? பழைய வீட்டுல அவ உள்ள போயி தாழ் போட்டுக்கலாம், நம்ம குரூப்புல இருந்து வெளிய போனா மட்டும் "இவங்க ஏன் வெளியேறிட்டாங்க"ன்னு பேசுவாங்களோன்னு ஒரு பயம். அந்தப் பயத்துலயே எத்தனை அம்மாக்கள் ராத்திரி 12 மணிக்கு அடுத்தவங்க பிள்ளை மார்க்கப் பாத்துட்டு, தூங்குற தன் பிள்ளைய பாத்து பெருமூச்சு விடுறாங்க. எனக்கு இது உண்மையாவே வலிக்குது. நானும் விட்டிருக்கேன். மார்க் விசயம் உள்அறை விசயம்ங்க, அத முற்றத்துக்குக் கொண்டு வராதீங்க. பரீட்சை தேதி, வேன் லேட்டு, ஹோம்வொர்க்கு, இதுக்கு முற்றம் போதும்.

ஒப்பிட்டுப் பாக்குறது அந்தக் காலத்துல இல்லாம இல்ல. கல்யாணத்துல பொண்ணு வீட்டு சாமான் எல்லாத்தையும் பரப்பி வைப்பாக, பித்தளை, வெள்ளி, எவர்சில்வர், மங்கு, பாய், தடுக்குன்னு எல்லாம் வரிசையா இருக்கும், பாக்க வர்றவுக கண்ணு எண்ணாம இருக்குமா? ஆனா அதுக்கும் ஒரு கடிவாளம் இருந்துச்சு, முறைச்சிட்டை. எந்தச் சடங்குக்கு எந்த வீட்டுல இருந்து என்ன குடுக்கணும்னு எழுதி வச்ச சிட்டை. கல்யாணத்தயே இசைகுடிமானம்னு எழுதித்தான் பதிவாங்க. வாணிகம் பண்ண கைங்கல்ல, எல்லாத்தையும் எழுதிருவாக! எழுத்துல இருந்தா "நாங்க அன்னிக்கு இவ்ளோ செஞ்சோம், நீங்க என்ன செஞ்சீங்க"ங்கிற பேச்சுக்கு இடம் கொறையும்ல.

இத நான் எங்க போயி செஞ்சேன்னு கேளுங்க. பிள்ளைங்க பர்த்டே பார்ட்டி ரிட்டர்ன் கிஃப்ட்! என் மக கிளாஸ்ல ஒருத்தரு பென்சில் பாக்ஸ் குடுத்தாங்க, அடுத்தவங்க வாட்டர் பாட்டில், அதுக்கு அடுத்தவங்க ஸ்கூல் பேக்கே குடுத்துட்டாங்க. என் மக வந்து "அம்மா நம்ம என்ன குடுக்கப் போறோம்"ன்னு கேட்டப்ப எனக்கு வயித்துல புளிய கரைச்சுச்சு. 6 அம்மாக்கள கூப்ட்டு ஒரு நாள் சாயங்காலம் எங்க வீட்டுல உக்கார வச்சு, ஒரு நோட்டுல எழுதுனோம். ஒரு பிள்ளைக்கு 50 ரூபாய்க்கு மேல கூடாது, கேக்கு வீட்டுலயே பண்ணலாம், கடைக் கேக்குன்னா ஒரு கிலோ. 6 பேரும் கையெழுத்து போட்டோம். ஸ்கூல் பேக் குடுத்த அம்மாவும்தான் போட்டாங்க, போட்டுட்டு அவங்க சொன்னாங்க, "நானே எப்படி நிறுத்துறதுன்னு தெரியாமத்தான் குடுத்துக்கிட்டு இருந்தேன்"னு. கேட்டதும் கண்ணு கலங்கிருச்சு எனக்கு. நாலு மாசமா ஒருத்தர ஒருத்தரு தப்பா நெனச்சுக்கிட்டு இருந்திருக்கோம்.

பந்தியில கேட்ட அயித்தைக்கு என்ன பண்ணேன்னு கேப்பீங்க. தனியா போயி, "அயித்தை, வீட்டப் பத்தி வீட்டுக்கு வந்து கேளுங்க, காப்பி போட்டுத் தர்றேன்"னு சொன்னேன். வந்தாக. அவ்ளோதான்.

பக்கத்து வீட்டுத் தண்ணி விசயத்துல சட்டம் ஒன்னு தெரிஞ்சு வச்சுக்கங்க, சின்னதா சொல்லிடுறேன். 1882-ல வந்த வசதியுரிமைச் சட்டம்னு ஒன்னு இருக்கு, அடுத்தவங்க இடத்து வழியா ஒரு வசதிய வெளிப்படையா, தடையில்லாம, தன் உரிமைங்கிற மாதிரியே 20 வருசம் அனுபவிச்சா அது சட்டப்படி உரிமையாவே நின்னுரும். அதனால மனசுக்குள்ள பொருமிக்கிட்டே சும்மா இருந்துறாதீங்க, முதல்லயே பேசிருங்க.

ஆனா சட்டத்தவிட எனக்கு அந்த முற்றம்தான் புத்தி சொல்லுச்சு. செட்டிநாட்டு வீட்டுல ஓட்டுத் தண்ணி நாலு பக்கமும் உள்ள சரிஞ்சு தன் முற்றத்துலதான் விழும், அண்டாவுல பிடிச்சது போக மிச்சம் கால்வாய் வழியா தெருவுக்கு, தெருவுல இருந்து ஊரணிக்கு. மழை அதிகமில்லாத ஊரு, தண்ணிய அப்படி மதிச்சிருக்காங்க. நம்ம வீட்டுத் தண்ணி எங்க போகுதுன்னு தெரிஞ்சு வச்சுக்கிறது நம்ம பொறுப்பு, இல்லையா?

அந்த வீடுங்க இன்னிக்கு நிறைய பூட்டிக் கெடக்கு. பங்காளிங்க பெருகி, ஒரே வீட்டுக்கு ஏகப்பட்ட பங்கு, ஒருத்தரு சென்னையில, ஒருத்தரு சிங்கப்பூர்ல, ஒருத்தரு கையெழுத்துப் போடமாட்டேங்கிறாரு. சில வீடுங்கள இடிச்சு, தூணும் கதவும் காரைக்குடி பழைய சாமான் கடைக்கு வந்துருது. அந்தக் கதவ விலை பேசுறதப் பாக்கும்போதெல்லாம் எனக்கு மனசு அடிச்சுக்கும், யாரோ ஒரு மருமக சாத்திக்கிட்டு அழுத கதவுல்ல அது. ஆனா மார்கழியில பிள்ளையார் நோன்புக்கு வந்து பாருங்க. திருக்கார்த்திகையில இருந்து 21-வது நாளு, 21 இழை நூலத் திரிச்சு மாவுல வச்சு ஏத்தி, சுடரோட அப்படியே வாயில போட்டுக்குறதுதான் இழை எடுக்குறது. அதுக்காகவே ஊருக்கு ஊரு கூடுவாக.

(திரையில: வாசல், புது பைப்பு)

சரி, மெஷின் தண்ணி. அப்பத்தா சொன்னபடி நானே போயி கதவத் தட்டுனேன். "அண்ணே, பைப்ப இன்னும் 4 அடி நீட்டுனா நேரா சாக்கடைக்குப் போயிரும், செலவுல பாதி நான் தர்றேன்"னேன். அவரு ஒரு நிமிசம் பேசல. உள்ள இருந்து அந்த அக்காதான் வந்து, "நாங்களே செய்யணும்னுதாம்மா இருந்தோம், நீ மொகத்தத் திருப்பிக்கிட்டு போனியா, வந்து சொல்ல ஒரு மாதிரியா இருந்துச்சு"ன்னு சொன்னாக. ஞாயித்துக்கிழம ப்ளம்பர் வந்தாரு, மொத்தம் 380 ரூபாய், என்கிட்ட காசு வாங்கவே மாட்டேன்னுட்டாக.

உங்க வீட்டுல, உங்க அபார்ட்மென்ட்ல, உங்க ஸ்கூல் குரூப்புல நீங்க எங்க கதவு வச்சிருக்கீங்க, கமென்ட்ல எழுதுங்க, நான் எல்லாத்தையும் படிப்பேன். வேறு வைக்கிற பழக்கம் உங்க வீட்டுப் பெரியவங்களுக்குத் தெரிஞ்சிருந்தா அவங்க சொல்றத அப்படியே எழுதுங்க, அவங்க இருக்கும்போதே கேட்டு வச்சுக்கணும்.

நேத்து அந்த அக்கா கவுனி அரிசி இனிப்பு செஞ்சு ஒரு கிண்ணம் குடுத்து விட்டாக. கிண்ணம் இன்னும் எங்க வீட்டு அடுப்பங்கரையிலதான் இருக்கு. வெறுங்கிண்ணமா குடுக்க முடியாதுல்ல, அரிசி ஊறப்போட்டிருக்கேன், வெள்ளைப் பணியாரம் சுடணும், வர்றேன்.